‘பேனஷ்’ என்ற ஒரு சொல்: போர்த்துகீசியக் காதல் பாடல்களில் இருப்பது கழிவிரக்கமா, தண்டனையா?

மணல்மேடு (திரியைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நண்பர்கள் சிலர் நடத்தவிருக்கும் சிறிய இசை அரங்குக்காக நான்கு போர்த்துகீசியப் பாடல்களைப் பாடத்தக்க தமிழில் தருவதாக ஒப்புக்கொண்டு, இரண்டு வாரமாக முதல் பாடலின் முதல் வரியிலேயே நின்றுகொண்டிருக்கிறேன். போர்த்துகீசியப் பாடகி அமாலியா ரொட்ரீகஸ் தாமே எழுதி, கார்லோஸ் கொன்சால்வஸ் மெட்டமைத்து, 1983இல் வெளிவந்த ‘லாக்ரிமா’ என்ற பாடல் அது. ஃபாடோ என்னும் போர்ச்சுகலின் சோக இசை மரபைச் சேர்ந்தது. தலைப்புக்குக் கண்ணீர்த்துளி என்று பொருள். ‘பேனஷ்’ நிறைந்தவளாய்ப் படுக்கச் செல்கிறேன், அதைவிடக் கூடுதலான ‘பேனஷ்’ உடன் எழுகிறேன் என்று அது தொடங்குகிறது. ஒருமையில் ‘பேன’ என்றால் துயரம். இறகு என்பதும் அதே ஒலியுள்ள சொல்தான். படுக்கை என்றதும் இறகு நினைவுக்கு வருவதால் கேட்பவருக்கு இரண்டு பொருளும் ஒருசேரத் தோன்றிவிடுகின்றன.

அதற்குப் பிறகு வரும் செய்திகளைச் சுருக்கிச் சொல்கிறேன். உன்னை வேண்டாம் என்று பகலில் சொல்கிறாள், இரவில் அவனையே கனவு காண்கிறாள். தனக்குள் ஒரு தண்டனை குடியிருப்பதாகச் சொல்கிறாள். ஒருநாள் சாகத்தானே போகிறோம் என்று எண்ணும்போது சால்வையைத் தரையில் விரித்து அதன்மேல் உறங்கிவிடுகிறாள். நான் இறந்தால் நீ அழுவாய் என்று தெரிந்திருந்தால், அந்த ஒரு துளிக்காக என்னைக் கொல்லும்படி மகிழ்ச்சியோடு விட்டுவிடுவேன் என்று முடிக்கிறாள்.

எனக்கு இரண்டு ஐயங்கள். அந்த முதல் வரிக்குத் தமிழில் ஒரே சொல்லில் இரு பொருளும் கிடைக்குமா என்பது ஒன்று. இப்படித் தன்னையே தின்னும் காதலைப் பாடும் போர்த்துகீசியப் பாடல்களின் அடிநாதம் கழிவிரக்கம்தான் என்று நிகழ்ச்சிக் குறிப்பில் எழுதியிருக்கிறேனே, அது சரிதானா என்பது மற்றொன்று.

வெண்பாப்பித்தன்

முதல் ஐயத்துக்கு உடனே விடை இல்லை, ஆனால் ஒரு வேடிக்கை இருக்கிறது. நீங்கள் தமிழில் தேடிக்கொண்டிருக்கும் அந்தச் சொல் உங்கள் சட்டைப்பையிலேயே செருகியிருக்கிறது. நமது ‘பேனா’ போர்த்துகீசியத்திலிருந்து வந்ததாகவே வழக்கமாகக் காட்டப்படுகிறது. இறகை முனை சீவி மையில் தோய்த்து எழுதிய காலத்துச் சொல் அது. ஜன்னல், சாவி, அலமாரி, மேசை என்று வீட்டுப் பொருள்களை எல்லாம் அவர்களிடமிருந்து பெற்றுக்கொண்ட நாம், ‘பேன’ என்ற சொல்லின் இறகுப் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டு துயரப் பாதியைக் கப்பலிலேயே விட்டுவிட்டோம்.

இலத்தீனில் இவை இரண்டும் வேறு வேறு சொற்கள். இறகுக்குரியது ‘பென்னா’, தண்டனைக்குரியது ‘போய்னா’. நூற்றாண்டுகளின் தேய்மானத்தில் இரண்டும் போர்த்துகீசியத்தில் ஒரே ஒலியாகிவிட்டன. இன்றும் மரண தண்டனையைக் குறிக்கும் சட்டத் தொடரில் வருவது இதே ‘பேன’தான். ஆகவே அந்த வரியில் இரண்டு பொருள் அல்ல, மூன்று பொருள் இருக்கின்றன: இறகு, துயரம், தண்டனை. பின்னால் ‘தனக்குள் ஒரு தண்டனை’ என்று அவர் வேறு சொல்லால் வெளிப்படையாகச் சொல்வதற்கு முன்பே, முதல் வரியிலேயே அதைச் சொல்லிவிட்டார் என்றுதான் நான் படிப்பேன்.

நீலாம்பரி

மணல்மேடு அவர்களுக்கு வணக்கம். உங்கள் நிகழ்ச்சிக் குறிப்பை மாற்றிவிடுங்கள் என்பதே என் கருத்து. கழிவிரக்கம் என்பது கழிந்துபோன ஒன்றுக்காக இரங்குவது, பெரும்பாலும் தான் செய்ததற்காக அல்லது செய்யத் தவறியதற்காக இரங்குவது. நீங்கள் சுருக்கித் தந்த பாடலில் அந்தப் பெண் எதைச் செய்தாள்? காதலித்தாள் என்பதைத் தவிர எதுவும் இல்லை. அதற்காக அவள் வருந்துவதாகவும் தெரியவில்லை. இன்னும் ஒரு துளிக் கண்ணீருக்கு உயிரையே விலையாகத் தர அல்லவா முன்வருகிறாள்!

அமாலியா எழுதிய இன்னொரு பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். ‘எஷ்ட்ரான்யா ஃபோர்மா த வீட’, அதாவது விநோதமான வாழ்முறை என்ற தலைப்புடையது. இந்தப் பதற்றத்தில் நான் வாழ்வது கடவுளின் விருப்பம் என்று முதல் அடியிலேயே பொறுப்பு மேலே அனுப்பப்பட்டுவிடுகிறது. அடுத்து, தன் இதயம் தன்னிச்சையானது, தான் அதற்கு ஆணையிடுபவள் அல்லள் என்கிறாள். கடைசியில், எங்கே போகிறாய் என்று உனக்கே தெரியாதபோது ஏன் ஓடுகிறாய், நான் உன்னோடு வரமாட்டேன், துடிப்பதை நிறுத்திக்கொள் என்று இதயத்தையே கடிந்துகொள்கிறாள். கடவுள், விதி, இதயம் என்று மூன்று பேர் குற்றவாளிக் கூண்டில் நிற்க, பாடுகிறவள் மட்டும் சாட்சியாக நிற்கும் வழக்கு இது. ஃபாடோ என்ற பெயரே இலத்தீனில் விதியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. விதியை நம்புகிறவருக்குத் துக்கம் உண்டு, குற்றவுணர்வு இருக்க வேண்டிய தேவை இல்லை.

மொராரியாவாசி

இந்தத் திரியில் பேசுவதற்கு எனக்குப் படிப்புத் தகுதி எதுவும் இல்லை. ஆனால் லிஸ்பனில் மொராரியாக் குன்றின் அடிவாரத்தில் ஆறு ஆண்டுகள் வாழ்ந்தேன், அதில் மூன்று ஆண்டுகள் ஓர் உணவகத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவினேன். வாரத்தில் இரண்டு இரவு அங்கே ஃபாடோ உண்டு. தொழில்முறைப் பாடகர்கள் அல்லர். அக்கம்பக்கத்தவர்கள் முறைவைத்து எழுந்து பாடுவார்கள், அதை ‘ஃபாடோ வாடியோ’ என்பார்கள். விளக்குகளைக் குறைத்ததும் மேசைகளில் முள்கரண்டிச் சத்தம் நின்றுவிட வேண்டும். அந்த நேரத்தில் நான் குழாயைத் திறக்கக் கூடாது என்பது எனக்குச் சொல்லப்பட்ட முதல் வேலை விதி. சோப்பு நுரையில் கையை வைத்தபடியே ஒரு பாட்டு முடியும்வரை நின்ற இரவுகள் கணக்கில்லை.

எங்கள் சமையற்காரம்மா அறுபதைக் கடந்தவர். பத்து மணிக்குமேல் அடுப்பை அணைத்து, ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டி, கையைத் துடைத்துக்கொண்டு, அதே ஆணியில் தொங்கும் கறுப்புச் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போவார். ஒலிபெருக்கி கிடையாது. இரண்டு கிதார்க்காரர்களுக்கு முன்னால் நின்று, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு பாடுவார். மணல்மேடு அவர்கள் சொல்லும் இந்த ‘லாக்ரிமா’ அவர் அடிக்கடி பாடியதுதான். பாடி முடித்ததும் நேரே சமையலறைக்கு வந்து, நாளைக்கு ஊறவைக்க வேண்டிய உப்புக்கண்டமிட்ட பக்கல்யாவு மீனை எடுத்து வையென்று என்னிடம் சொல்வார். கண்ணீர் எல்லாம் வெளியே மேசைகளில்தான் இருக்கும்.

ஒருமுறை இந்த ‘பேனஷ்’ என்றால் இறகா, துக்கமா என்று அவரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில் கேட்டேன். சிறுவயதில் கிராமத்தில் கோழியைக் கொதிநீரில் முக்கி இறகு பறிக்கும் வேலை அவருடையதாம். நனைந்த இறகு விரலில் ஒட்டும், அதை மற்றக் கையால் எடுத்தால் அந்தக் கையில் ஒட்டும், பாவாடையில் துடைத்தால் பாவாடையில் ஒட்டும், இரவில் படுத்தால் தலைமுடியில் ஒன்று இருக்கும் என்று சொல்லிவிட்டு, கையை உதறிக் காட்டினார். அமாலியா என்ன நினைத்து எழுதினாரோ, அந்த அம்மா பாடும்போது நினைத்துக்கொண்டது மெத்தை இறகை அல்ல.

நீலாம்பரி அவர்கள் கேட்ட கேள்விக்கு இது விடை ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த அம்மா பாடும்போது குற்றவாளிக் கூண்டும் சாட்சிக் கூண்டும் அவ்வளவு தெளிவாகப் பிரிந்திருந்ததாக எனக்குத் தோன்றியதில்லை.

கம்பிக்காரர்

கிதார் வாசிப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். ஃபாடோவில் இரண்டு கருவிகள் வரும். ஒன்று சாதாரண கிதார். அதை அவர்கள் ‘வியோலா’ என்பார்கள், அது தாளத்தையும் அடித்தளத்தையும் பார்த்துக்கொள்ளும். மற்றொன்று போர்த்துகீசிய கிதார். பேரிக்காய் வடிவ உடல், இரண்டிரண்டாக ஆறு இணைகளில் பன்னிரண்டு எஃகுக் கம்பிகள், விரல் நகத்தின்மேல் கட்டிக்கொள்ளும் செயற்கை நகங்களால் மீட்டுவார்கள். பாடுகிறவர் ஓர் அடியின் முடிவில் எவ்வளவு நேரம் நின்றாலும் கிதார்க்காரர் காத்திருக்க வேண்டும். முந்திக்கொண்டால் அன்றோடு அவர் பெயர் போய்விடும்.

இந்தத் திரிக்கு வேண்டிய செய்தி வேறு. மரபான ஃபாடோவில் மெட்டும் சொல்லும் ஒன்றுக்கொன்று மணம்முடித்தவை அல்ல. யாப்பு பொருந்தினால் ஒரே மெட்டில் எந்தப் பாட்டையும் பாடலாம். மொராரியாவாசி அவர்கள் கேட்டவற்றில் பாதி, பழைய மெட்டுகளில் வேறு வேறு சொற்கள் ஏறியவையாகவே இருக்கும். நீலாம்பரி அவர்கள் சொன்ன ‘விநோதமான வாழ்முறை’யும் பழைய ஃபாடோ பாடகர் ஆல்ஃபிரெடோ மார்செனெய்ரோவின் ‘ஃபாடோ பைலாடோ’ என்ற மெட்டில் அமர்ந்தது. மார்செனெய்ரோ என்பது இயற்பெயர் அன்று, தச்சர் என்ற தொழிற்பெயர். அவர் உண்மையிலேயே மரவேலை செய்தவர். மெட்டு எந்தப் பக்கமும் சாயாது, குற்றத்தைச் சுமத்துவதும் மன்னிப்பதும் பாடுகிறவரின் நிறுத்தத்தில்தான் இருக்கிறது. ‘நான் ஆணையிடாத இதயம்’ என்ற தொடரைத் தப்பித்துக்கொள்ளும் குரலிலும் பாடலாம், வெட்கிப்போன குரலிலும் பாடலாம். நான் இரண்டையும் கேட்டிருக்கிறேன்.

நீலாம்பரி

கம்பிக்காரர் சொல்வதை ஏற்கிறேன், குரலுக்குப் பொறுப்பு உண்டு. ஆனால் என் ஐயம் சொற்களைப் பற்றியது. ஃபாடோவோடு நின்றால் இந்த விவாதம் விதி என்ற புகையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும் என்பதால் கடலுக்கு அப்பால், பிரேசிலுக்குப் போகிறேன்.

போர்ட்டோ அலெக்ரே நகரத்தைச் சேர்ந்த லுபிசீனியோ ரொட்ரீகஸ் (1914–1974) என்ற பாடலாசிரியர், காதலில் காட்டிக்கொடுக்கப்பட்ட ஆணின் நிலையை ஏறக்குறைய ஒரு துறையாகவே ஆக்கிவைத்தார். அமாலியாவுக்கு உறவினர் அல்லர். ரொட்ரீகஸ் அங்கே நம்மூர் முருகனைப் போல. அவர் பாடல்களுக்கு ‘முழங்கை வலி’ என்று பெயர். மதுக்கடை மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருப்பவனுக்கு வரும் வலி என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். பேச்சு வழக்கில் அந்தத் தொடருக்குப் பொறாமை என்றே பொருள்.

‘விங்கான்சா’ (பழிவாங்கல்) என்ற அவருடைய பாடல் 1951இல் லிண்டா பத்திஸ்தாவின் குரலில் நாடெங்கும் ஒலித்தது. விட்டுப்போன பெண் ஒரு மதுக்கடையில் குடித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்ததை நண்பர்கள் பார்த்து வந்து சொல்கிறார்கள். என்னைப் பற்றி விசாரித்தபோது விம்மல் அவள் குரலை அடைத்ததாம். கேட்ட நான் எவ்வளவு மகிழ்ந்தேன் என்று அவன் பாடுகிறான். கழிவிரக்கம் என்ற சொல் இங்கே பெயரோடு வருகிறது: அவளுடைய அவலத்துக்குக் காரணம் ஒருவேளை ‘ரெமோர்சோ’வாக இருக்கலாம் என்கிறான். பார்த்தீர்களா, கழிவிரக்கம் இருக்கிறது, ஆனால் அது அவளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவனுக்கு ஒதுக்கப்பட்டிருப்பது அதைப் பார்த்து அடையும் இன்பம். தந்தை தனக்கு விட்டுச்சென்ற பெரிய சொத்து மானம்தான் என்று காரணம் சொல்லிவிட்டு, தெருவில் உருளும் கல்லைப் போல நீ சாய ஓரிடமின்றி உருள வேண்டும் என்று சாபமிடுகிறான்.

அவருடைய இன்னொரு பாடலான ‘எஃகு நரம்புகள்’ 1947இல் வந்தது. தான் காதலித்த பெண்ணை வேறொருவனோடு பார்க்கும்போது தன் நெஞ்சில் இருப்பது பொறாமையா, வெறுப்பா, நட்பா, அருவருப்பா என்று தெரியவில்லை, சாவின் மீதோ வலியின் மீதோ ஒரு விருப்பம் மட்டும் எழுகிறது என்கிறான். யாருடைய சாவு? இலக்கணம் சொல்லவில்லை. நீதிமன்றங்களில் சில ஆண்டுகள் வேலை பார்த்த எனக்கு அந்தச் சொல்லப்படாத எழுவாய் மிகவும் உறுத்துகிறது. ஏனென்றால் அந்த நாட்டில் அதற்கு ஒரு சட்ட வரலாறு இருக்கிறது. 1603ஆம் ஆண்டுப் போர்த்துகீசியச் சட்டத் தொகுப்பு, பிறனோடு கண்ட மனைவியைக் கணவன் கொல்வதை அனுமதித்தது. பிரேசில் விடுதலை பெற்று அந்தச் சட்டம் ஒழிந்த பிறகும், ‘மானத்தைக் காக்கும் நியாயமான தற்காப்பு’ என்ற வாதம் ஜூரிகளின் முன்னால் வைக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. அதை அரசியலமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் இடைக்காலமாகவும் 2023இல் இறுதியாகவும் தள்ளியது. அதாவது நேற்று! காதலியைக் கொன்றவர்களுக்குக் கிடைத்த இரக்கத்தை எதிர்த்துப் பெண்கள் எழுப்பிய முழக்கம் ‘காதலிப்பவர் கொல்வதில்லை’ என்பது. ‘தந்தை விட்டுச்சென்ற மானம்’ என்ற வரியைக் கேட்கும்போது எனக்கு அந்த ஜூரி மண்டபம்தான் தெரிகிறது.

மணல்மேடு

நீலாம்பரி அவர்களுக்கு நன்றி. நிகழ்ச்சிக் குறிப்பைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஆயினும் உங்கள் வழக்குக்குள் அடங்காத ஒரு பாடலை முன்வைக்கிறேன், ஏனென்றால் அதுதான் என் பட்டியலில் மூன்றாவது.

பாவ்லோ வான்சொலினி எழுதி, இனெசீத்தா பஹோசோ 1953இல் பதிவுசெய்த ‘ஹோந்தா’. இரவுச் சுற்று என்று பொருள். வான்சொலினியின் பிழைப்பு பாட்டு அல்ல. ஊர்வன பற்றிய ஆய்வில் உலகறிந்த விலங்கியலாளர், சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தின் விலங்கியல் அருங்காட்சியகத்தை நெடுங்காலம் நடத்தியவர். பாடுவது ஒரு பெண் என்பது பெயரடைகளின் விகுதியிலேயே தெரிந்துவிடும். தன் ஆளைத் தேடி ஒவ்வொரு மதுக்கடையாக எட்டிப் பார்த்துவிட்டுச் சோர்ந்து வீடு திரும்புகிறாள். என்மேல் அன்புள்ள யாராவது இருந்தால் இந்தத் தேடல் வீண், விட்டுவிடு என்று சொல்லியிருப்பார்கள், அப்போதும் நான் விட்டிருக்க மாட்டேன் என்கிறாள். பிறகு குறையில்லாத பொறுமையோடு மீண்டும் தேடப் புறப்படுகிறாள். ஒருநாள் வேறு பெண்களோடு குடித்துக்கொண்டு, பகடை உருட்டிக்கொண்டு, பில்லியர்ட்ஸ் ஆடிக்கொண்டு அவன் அகப்படுவான். அன்று செய்தித்தாளின் முதற்பதிப்பில் ஒரு தலைப்பு வரும், சாவ் ஜோவாவ் அவென்யூவின் மதுக்கடையில் இரத்தக் களரி என்று.

அவ்வளவுதான் பாட்டு. அந்தக் கடைசி வரி வரைக்கும் நாம் ஒரு பாவப்பட்ட பெண்ணின் பின்னால் இரக்கத்தோடு நடந்து வந்திருக்கிறோம். தலைப்புச் செய்தியில் அவள் பெயரும் இல்லை, அவன் பெயரும் இல்லை. கொன்றது யார் என்றுகூட இல்லை, நாம்தான் நிரப்பிக்கொள்கிறோம். இங்கே கழிவிரக்கம் வர வழியே இல்லை, ஏனென்றால் செயல் இன்னும் நடக்கவில்லை. ஆனால் அவள் கடவுளையும் இதயத்தையும் கூண்டில் ஏற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘நான் விட்டிருக்க மாட்டேன்’ என்று தன்மை ஒருமையில், தெளிந்த புத்தியோடு சொல்கிறாள்.

நீலாம்பரி

ஒப்புக்கொள்கிறேன். ‘குறையில்லாத பொறுமை’ என்பதைச் சட்ட மொழியில் முன்திட்டம் என்போம். விலங்கியலாளர் என்ற செய்தி எனக்குப் புதிது. பாம்பைக் கவனிக்கிறவர் எழுதியது போலத்தான் இருக்கிறது.

வெண்பாப்பித்தன்

சாவைக் காதலின் அளவுகோலாக வைப்பது அந்த மொழிக்கு எழுநூறு ஆண்டுப் பழக்கம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். போர்ச்சுகலின் அரசர் தினிஷ் (1261–1325) பெயரில் 137 பாடல்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. காதலால் வரும் வதையை அவர்கள் ‘கொய்ட்டா’ என்றார்கள். அதனால் சாகப்போவதாகச் சொல்வது அன்றைய முறைமை. தென் பிரான்சின் ப்ரொவென்சல் கவிஞர்கள் நன்றாகப் பாடுகிறார்கள், ஆனால் பூப்பூக்கும் பருவத்தில் மட்டும் பாடுகிறவர்களுக்கு என்னளவு வதை இருக்க முடியாது என்று ஒரு பாடலில் அரசர் இடித்துரைக்கிறார். துயரத்தில் யார் பெரியவர் என்ற போட்டி அப்போதே தொடங்கிவிட்டது. அதே மரபில் ஆண் கவிஞர்கள் பெண் குரலில் பாடும் பாடல்களும் உண்டு. நம் அகத்திணையோடு ஒப்பிட ஆசை வருகிறது. வந்தால் திரி திசைமாறும், ஆகவே கையைக் கட்டிக்கொள்கிறேன்.

மட்டுறுத்துநர்

கையைக் கட்டிக்கொண்டதற்கு நன்றி.

கம்பிக்காரர்

அமாலியாவிடம் திரும்புவோம். காதல் பாட்டு என்று நாம் கேட்பவற்றில் சில, வேறு துயரத்தின்மேல் போர்த்திய காதல். ‘பார்க்கு நெக்ரு’ (கறுப்புப் படகு) என்ற புகழ்பெற்ற பாடலின் மெட்டு, பிரேசிலில் அடிமைத்தாய் ஒருத்தியைப் பற்றி எழுதப்பட்ட பாட்டினுடையது. கவிஞர் டாவிட் மொராவ் ஃபெரெய்ரா அதற்குப் புதிய சொற்கள் எழுத, அமாலியா 1955இல் வந்த பிரெஞ்சுத் திரைப்படம் ஒன்றில் பாடினார். கடலுக்குப் போன காதலன் திரும்பமாட்டான் என்று கரையில் கிழவிகள் சொல்கிறார்கள், அவர்கள் பைத்தியங்கள் என்கிறாள் இவள். சாட்டையடியின் இடத்தில் காதல் வந்து உட்கார்ந்துகொண்டது.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு. அதே கவிஞர் எழுதிய ‘அபண்டோனு’, 1962இல் வந்த அமாலியாவின் இசைத்தட்டில் இருக்கிறது. மேலோட்டமாகக் கேட்டால் காதலனைப் பிரிந்தவளின் ஓலம். கூர்ந்து கேட்டால், உன் சுதந்திரமான சிந்தனைக்காக உன்னைத் தொலைவில் அடைத்துவிட்டார்கள், என் புலம்பல் எட்டாத தொலைவில், உனக்குக் காற்றும் கடலும் மட்டுமே கேட்கின்றன என்கிறாள். போர்ச்சுகலின் சர்வாதிகாரி சலாசாரின் ஆட்சி அரசியல் கைதிகளை அடைத்துவைத்த பெனிஷ் கடற்கோட்டையை மக்கள் அதில் அடையாளம் கண்டுகொண்டு ‘பெனிஷ் ஃபாடோ’ என்றே அழைத்தார்கள். தன்னை அழிப்பது காதலா, அரசா என்று பிரித்துச் சொல்ல முடியாத காலம் அது. நீலாம்பரி அவர்கள் சொன்ன ‘விநோதமான வாழ்முறை’யும் அதே இசைத்தட்டில்தான் இருக்கிறது, ‘மூடிய சிறகுகள்’ என்ற தலைப்புடைய இன்னொரு பாடலும் கூட.

வெண்பாப்பித்தன்

கம்பிக்காரர் வாழ்க. ஒரே பத்தியில் கோட்டைச் சிறையையும் மூடிய சிறகையும் வைத்தீர்களே, அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே மணல்மேடு அவர்களின் முதல் ஐயத்துக்கு விடை வந்துவிட்டது.

சொல் ‘சிறை’தான். சிறைச்சாலையும் சிறை, சிறகும் சிறை. ‘கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி’ என்று குறுந்தொகையில் பள்ளிப் பருவத்திலேயே படித்தோம். அங்கே அது வண்டின் அழகிய சிறகு. போர்த்துகீசியத்தில் இறகும் தண்டனையும் ஒரே ஒலிக்குள் வந்ததைப் போலவே தமிழில் சிறகும் சிறையும் ஒன்றுக்குள் இருக்கின்றன. ‘சிறை நிறைந்து படுக்கிறேன், சிறை மிகுந்து எழுகிறேன்.’ பாடிப் பாருங்கள்.

நீலாம்பரி

அழகாக இருக்கிறது, அதனால்தான் தயங்குகிறேன். இன்று அரங்கில் உட்கார்ந்திருப்பவரில் எத்தனை பேருக்குச் ‘சிறை’ என்றதும் சிறகு தோன்றும்? காவல் நிலையம்தான் தோன்றும். அதைவிட, துயரம் என்ற நடுப்பொருள் போய்விடுகிறது. மூன்றில் இரண்டு கிடைத்து, முக்கியமான ஒன்று நழுவுகிறதே.

மொராரியாவாசி

எனக்கும் ஒரு குறை. சிறகு பறப்பதற்கானது. எங்கள் அம்மா சொன்ன நனைந்த கோழி இறகு பறக்காது, ஒட்டும். ‘சிறை’யில் அந்த ஒட்டுதல் வரவில்லை.

கம்பிக்காரர்

பாடலின் அமைப்பை யாரும் கவனிக்கவில்லை. அந்த முதல் வரியில் தொடர் ஒருமுறை அல்ல, இரண்டு முறை வருகிறது. ‘பேனஷ் நிறைந்து, பேனஷ் நிறைந்து படுக்கிறேன்’ என்பதே அதன் நடை; அடுத்த வரியும் அப்படியே. பாடலில் பெரும்பாலான வரிகள் இப்படித்தான் ஒரு காலை வைத்துப் பார்த்து, பின்வாங்கி, மறுபடி வைக்கின்றன. ஆகவே ஒரே இடத்தில் எல்லாப் பொருளையும் திணிக்க வேண்டியதில்லை. முதல் முறை ஒன்று கேட்கட்டும், இரண்டாம் முறை இன்னொன்று கேட்கட்டும். நடுவில் கிதாருக்கு ஒரு மூச்சு நேரம் இருக்கிறது.

மணல்மேடு

நேற்றிரவு இதையெல்லாம் அச்செடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று வடிவங்கள் எழுதினேன், இரண்டைக் கிழித்துவிட்டேன். மிஞ்சியது இது:

சிறை நிறைந்து, ஈரச் சிறை நிறைந்து படுக்கிறேன்;
அதனினும் சிறை, உதறப் போகாச் சிறையோடு எழுகிறேன்.

முதலில் வரும் ‘சிறை’ நீலாம்பரி அவர்களின் காவல் நிலையமாகவே விழட்டும். ‘ஈர’ என்ற அடை வந்ததும் அது சிறைச்சாலையாக நிற்க முடியாமல் சிறகாகிவிடுகிறது. ‘உதறப் போகா’ என்பது அந்தச் சமையற்காரம்மாவுக்காக. துயரம் என்ற சொல்லைத் தனியாக வைக்கவில்லை. பாடுகிறவர் அதைக் கொண்டுவரவில்லை என்றால் அச்சொல்லை எழுதியும் பயனில்லை என்று தோன்றியது.

நிகழ்ச்சிக் குறிப்பில் கழிவிரக்கம் என்ற சொல்லை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பாடலிலும் குற்றம் யார்மீது வைக்கப்படுகிறது என்பதை மட்டும் ஒரு வரியில் எழுதியிருக்கிறேன். ‘விநோதமான வாழ்முறை’: இதயத்தின் மீது. ‘பழிவாங்கல்’: அவள் மீது. ‘இரவுச் சுற்று’: நாளைய செய்தித்தாளில் காண்க. ‘லாக்ரிமா’வுக்கு நேரே இன்னும் எதுவும் எழுதவில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இரண்டாம் பத்தியில் ‘காஷ்டிகு’ என்று வெளிப்படையாகவே தண்டனை வருகிறது. அதற்குத் ‘தண்டனை’ என்று போட்டால் முதல் வரியின் சிறையோடு சேர்ந்து நீதிமன்ற வாடை தூக்கலாகிவிடுமோ என்று அஞ்சுகிறேன். ‘ஒறுப்பு’ என்றால் பாடுகிறவருக்கு நாவில் இடறுகிறது. சனிக்கிழமை ஒத்திகை, அதற்குள் யாருக்காவது வேறு சொல் தோன்றினால் இங்கேயே எழுதுங்கள்.

மொராரியாவாசி

‘வாதை’ என்று எங்கள் ஊரில் சொல்வோம். ‘எனக்குள்ளே ஒரு வாதை.’ நாவில் இடறாது.

மணல்மேடு

வாதை. எழுதிக்கொண்டேன்.